ஒரு பெயரின்மேல் பற்று

ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் விசுவாசமாக இருந்தால் அதை ஒழுக்கம் என்கிறோம். கட்சியிடம் இருந்தால் கொள்கை என்றோ பிழைப்பு என்றோ, அவரவர் நிற்கும் இடத்தைப் பொறுத்துச் சொல்லிக்கொள்கிறோம். கடவுளிடம் என்றால் பக்தி. ஒரு கம்பெனியின் பெயரிடம் விசுவாசமாக இருப்பவனுக்கு மட்டும் நம்மிடம் சரியான சொல் இல்லை. பைத்தியம் என்று சிரித்துவிட்டு நகர்கிறோம். புல்லட் பைத்தியம், ஜாவா பைத்தியம், கேமராப் பைத்தியம். யோசிக்க வேண்டிய ஒரு விஷயத்தை இந்தச் சிரிப்பு மூடிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

இதைப்பற்றி எழுதத் தூண்டியது பேனாக்கத்தி. பிரான்ஸின் ஸவோய் மலைப்பகுதியில் 1890ல் ஜோசப் ஒப்பினெல் என்பவர் செய்த மரப்பிடி மடக்குக் கத்தி இன்றும் ஏறக்குறைய அதே வடிவில் விற்கிறது. கார்பன் எஃகு அலகு; துடைக்காமல் வைத்தால் துரு ஏறும். ஈரம் பட்டால் மரப்பிடி ஊதிக்கொண்டு அலகு திறக்க மறுக்கும். ஸ்விட்ஜர்லாந்தின் விக்டோரினாக்ஸில் துருத் தொல்லை கிடையாது. ஸ்தாபகரின் தாயார் விக்டோரியாவின் பெயரோடு, துருப்பிடிக்காத எஃகுக்குப் பிரெஞ்சில் வழங்கும் இனாக்ஸ் என்ற சொல்லைச் சேர்த்து 1921ல் உண்டான பெயர் அது. இருந்தும் ஒப்பினெல்காரன் மாறுவதில்லை. துருத் தட்டி எண்ணெய் போடுவதையே ஒரு தகுதிபோலச் சொல்லிக்கொள்கிறான். மாறாதவன் முட்டாள் என்று முடிவு கட்டுவது சுலபம். ஆனால் அவன் கத்தியைப்பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்தவன். தெரியாதவனின் பிடிவாதம் வேறு, தெரிந்தவனின் பிடிவாதம் வேறு.

எனக்கு ஸவோய் தெரியாது. அத்திப்பட்டு தெரியும். இங்கே மின்ரயில் ஏறினால் எண்ணூர்க் கழியைத் தாண்டி எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர் என்று நிலையங்கள் வரும். இதில் ஒரு ஊரின் பெயரே தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். ஸ்வீடன்காரர்கள் 1923ல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் முதலெழுத்துகள் ஊராகிவிட்டன; தீக்குச்சி கிழித்தறியாத குழந்தைகள் விம்கோ நகருக்கு டிக்கெட் கேட்கின்றன. எண்ணூரில் 1948ல் தொடங்கிய மோட்டார்த் தொழிற்சாலைதான் பின்னால் அசோக் லேலண்ட். 1946ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளை பிறகு டயர் செய்தார், எம்.ஆர்.எஃப். என்ற மூன்றெழுத்து இன்று கிரிக்கெட் மட்டைகளில் இருக்கிறது. ஆக, எங்கள் பகுதி பெயர்கள் உற்பத்தியாகும் பகுதி. சரக்கு லாரியில் போய்விடும், பெயர் தங்கிவிடும்.

இவற்றில் விசுவாசம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி பெற்றது ஒன்றுதான்: என்ஃபீல்டு புல்லட். இந்தப் பெயரின் பூர்வோத்திரம் விசித்திரமானது. இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊர் தையல் ஊசிக்குப் பேர்போனது. அங்கே ஊசி செய்துகொண்டிருந்த ஒரு தொழிலகம் சைக்கிளுக்கு மாறி, பிறகு என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் பெற்றது. அந்த மரியாதைக்காக 1890களில் ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்துக்கொண்டது. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். 1857ல் நம் சிப்பாய்களுக்குக் கொடுக்கப்பட்டதும் அதே என்ஃபீல்டின் துப்பாக்கிதான். பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவியது என்று பேச்சு எழுந்த அதன் தோட்டாவைப் பல்லால் கடிக்க மறுத்தபோது, கம்பெனிச் சர்க்காரின் உப்பைத் தின்றவர்களின் விசுவாசம் முறிந்தது. ஒரு நூற்றாண்டுக்குள், 1955ல், அந்தப் பெயர் திருவொற்றியூருக்கு வந்தது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சிசி புல்லட்டைத் தேர்ந்து 800 வண்டிகள் கேட்டதில் தொடங்கிய சம்பந்தம். முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. சில வருஷங்களில் முழு வண்டியும் இங்கேயே உருவாயிற்று. 1967ல் ரெடிட்ச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே முடிந்துபோனது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாயிற்று. மகன் செத்த வீட்டுக்குப் பேரன் வந்து விளக்கேற்றிய மாதிரி.

வரலாற்றை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி ஆரம்பத்திலிருந்தே குழம்பியிருக்கிறது. ஊசிக்காரன் துப்பாக்கிக்காரனிடம் கடன் வாங்கிய பெயர், கடலைத் தாண்டி, வாங்கியவன் மறைந்த பிறகும் பிழைத்திருக்கிறது. இந்தப் பெயரிடம் ஒருவன் விசுவாசமாக இருக்கிறான் என்றால் அவன் யாரிடம் விசுவாசமாக இருக்கிறான்?

தரத்தினிடம் என்பது வழக்கமான பதில். இதை ஒப்புக்கொள்வதில் ஒரு சங்கடம். தரத்துக்காக ஒன்றைப் பிடித்தவன் அதைவிடத் தரமானது வந்ததும் விட்டுவிட வேண்டும். 1984, 85ல் ஜப்பான் கூட்டில் இலகுவான 100 சிசி வண்டிகள் வந்தன. ஒரு லிட்டருக்குப் புல்லட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடின. எண்ணெய் சொட்டவில்லை. புல்லட்டின் எண்ணெய்க் கசிவு ஊரறிந்தது. சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம் என்பது ரசிகர்களே சொல்லிச் சிரிக்கும் ஹாஸ்யம். கணக்குப் பார்த்தவர்கள் மாறினார்கள், நியாயமாகவே. ரசிகன் மாறவில்லை. ஹீரோ ஹோண்டாவின் அந்நாளைய விளம்பரம் ஒன்று பிரசித்தம்: பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு. விளம்பரம் எழுதியவர் அறிந்து எழுதினாரோ என்னவோ, விஷயத்தின் மையத்தைத் தொட்டுவிட்டார். மறந்துவிடச் சொல்லும் பொருள் மறக்கப்படும். புல்லட்டை மறக்க முடியாது, அது விடாது.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சினைக் கிளப்புவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சாவியைத் திருப்பியதும் அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெள்ள அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை இன்னும் ஒரு இழை இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு உடம்பின் எடை முழுதும் விழும்படி ஒரே மிதி. பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கியிருக்க வேண்டும். தாண்டாமல் மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலுக்கு உத்தரவாதம் கிடையாது. எங்கள் கிளையின் காசாளர் இன்றும் அப்படியொரு வண்டி வைத்திருக்கிறார். மாலையில் தேநீர்க் கடையில் நின்று நாங்கள் பார்ப்போம். கற்பூரம் காட்டும் குருக்களின் முகம் என்று உவமை சொல்லிவிடலாம். அது சோம்பேறி உவமை. நோட்டுக் கட்டைக் கட்டைவிரலால் எண்ணும்போது அவருக்கு இருக்கும் அதே முகம்தான். எண்ணிக்கை தவறாது என்று விரல் அறிந்திருக்கும்போது வரும் ஒரு காலி முகம்.

விளம்பரத்தால் உண்டாகும் மயக்கம் என்பார்கள் சிலர். விளம்பரம் விற்கும், விசுவாசத்தை உண்டாக்கும் சக்தி அதற்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1985 ஏப்ரலில் கோக்கோகோலா கம்பெனி, ருசி பார்க்கச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டு, அவர்களில் பெரும்பாலோர் விரும்பிய புதுக் கலவையைக் கொண்டுவந்தது. விளம்பரத்துக்குக் குறைவில்லை. மூன்றே மாதத்தில், ஜூலையில், பழையதைத் திரும்பக் கொண்டுவர நேர்ந்தது. தன்னிடம் விசுவாசமாக இருந்தவர்களை அந்தக் கம்பெனியாலேயே நகர்த்த முடியவில்லை. எஜமான் சொல்லியும் கேட்காத விசுவாசம், எஜமானிடம் கொண்ட விசுவாசமாக இருக்க முடியாது.

சமூகவியல்காரர்கள் வேறொன்று சொல்கிறார்கள். ஸாப் கார், மெக்கின்டாஷ் கம்ப்யூட்டர் முதலியவற்றின் பிரியர்களை ஆராய்ந்து 2001ல் இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள், இவர்கள் ஒரு சாதிபோல இயங்குகிறார்கள் என்று காட்டினார்கள் (சாதி என்பது என் சொல், அவர்கள் சமூகம் என்றார்கள்). தம்மவர் என்ற உணர்வு, சடங்கு, ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்ற கடமை, எதிராளியைப் பழித்தல் எல்லாம் உண்டு. உண்மைதான். நெடுஞ்சாலையில் நின்றுபோன புல்லட்டைக் கண்டால் இன்னொரு புல்லட் நிற்கும். மைசூரில் செய்த ஜாவாக்காரனை இவன் ஏளனம் செய்வான், அவன் இவனை. ராஜஸ்தானில் ஜோத்பூர் - பாலி சாலையோரத்தில் விபத்தில் இறந்தவர் ஒருவரின் புல்லட்டையே கண்ணாடிக் கூண்டில் வைத்துக் கும்பிடுகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் கூட்டத்தில் இருப்பவனைத்தான் இது விளக்குகிறது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, பார்க்க ஒருவரும் இல்லாதபோது, கத்தியின் கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறானே, அவனுக்கு எந்தக் கூட்டம்?

பற்று என்ற சொல்லை வங்கிக்காரனிடம் கேட்டால் வேறு அர்த்தம் சொல்வான். வரவுக்கு எதிர்ப்பக்கம். உங்கள் கணக்கிலிருந்து போவது பற்று. ஆசையையும் கழிவையும் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருப்பதை நான் தற்செயல் என்று நினைத்துக்கொண்டுதான் வேலைக்குச் சேர்ந்தேன். இந்த விஷயத்தை யோசிக்கும்போது அப்படி விட்டுவிட மனசு வரவில்லை. எதன்மேல் பற்று வைக்கிறோமோ அதில் நம்முடையது ஏதோ கழிந்துகொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன; வால்வு இடைவெளி சரிசெய்யும் நேரம், செயினைத் தளர்த்தி இறுக்கும் நேரம், துருத் தட்டும் நேரம். உழைப்பைக் கலந்தவனுக்கு உடைமை என்று லாக் 17ம் நூற்றாண்டில் எழுதினார். ரசீதில் பணம் கட்டி வாங்கிய பொருளை அவன் இரண்டாம் முறை, உழைப்பால், வாங்குகிறான். முதல் முறை வாங்கியதை விற்கலாம். இரண்டாம் முறை வாங்கியதை விற்க வழியில்லை.

பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். எனக்கோ கேள்வி இங்கேதான் ஆரம்பமாகிறது. என் உழைப்பு கலந்தது இந்த ஒரு வண்டியில், இந்த ஒரு கத்தியில். அப்படியானால் என் பற்று இதன்மேல்தானே இருக்க வேண்டும்? இதன் பெயர்மேல் எப்படிப் போய் உட்கார்ந்தது? நான் தொட்டே அறியாத, நேற்றுத்தான் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த இன்னொரு வண்டிக்காக நான் ஏன் வக்காலத்து வாங்குகிறேன்? மனைவியை நேசிப்பவன் அவளுடைய பெயருள்ள பெண்களையெல்லாம் நேசிப்பதில்லை.

காசாளரின் காலில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருக்கு வேறு ஒருவரின் பழைய புல்லட்டைக் கொடுங்கள். முள் நடுவுக்கு வரும் இடத்தைக் கால் கண்டுபிடித்துவிடும். கியர் வலது காலில், முதல் கியர் மேலே, மற்றவை கீழே. கேட்காமலே கால் செய்யும். தேர்ச்சி என்பது ஒரு தனிப் பொருளைப்பற்றியதாக இருந்தாலும் அந்தப் பொருளோடு நிற்பதில்லை. அது ஒரு வகையை, ஒரு வார்ப்பை அறிகிறது. இயந்திர யுகத்தில் பொருள் என்பதே வார்ப்பின் ஒரு பிரதி. வார்ப்பைக் கையால் தொட முடியாது, கூப்பிட வேண்டுமென்றால் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆகவே கை அறிந்ததை வாய் கம்பெனியின் பெயரால் சொல்கிறது. திருவொற்றியூர் வண்டி 1955லிருந்து 2010 வாக்கில் வார்ப்பிரும்பு எஞ்சின் நிற்கும்வரை அடிப்படையில் மாறவே இல்லை என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பாட்டனின் கால் அறிந்ததைப் பேரனின் கால் அறிந்துகொள்ள முடிந்தது. மாறாமல் இருந்ததற்குக் காரணம் லட்சியம் ஒன்றும் இல்லை. போட்டி இல்லாத சந்தையில் மாற வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் காரணம் எதுவானாலும், ஒருவன் தன் தேர்ச்சியை 55 வருஷம் நம்பி ஒப்படைக்கக்கூடிய பொருள்கள் எத்தனை இருக்கின்றன நம்மிடம்? நான் 10 வருஷத்தில் வங்கியின் கம்ப்யூட்டர்த் திரையை எத்தனை முறை புதிதாகக் கற்றுக்கொண்டேன் என்பதை எண்ணிப்பார்க்க விரும்பவில்லை. ஒவ்வொரு முறையும் விரல் அறிந்திருந்தது ஒரே இரவில் செல்லாக்காசாயிற்று.

பெயருக்குச் செய்யும் விசுவாசம் என்பது பெரும்பாலும் தன் கைக்குச் செய்யும் விசுவாசம். இது சுயநலம் என்று சொல்பவர்களுக்கு என் பதில்: ஆம், ஆனால் மேலான சுயநலம். ஒழுக்கக் கேள்வி இங்கே இல்லை. அது வேறிடத்தில் இருக்கிறது.

என் தகப்பனார் இந்தப் பகுதியின் ஒரு தொழிற்சாலையில் 27 வருஷம் வேலை பார்த்தார். எது என்பது இங்கே தேவையில்லை. விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியே அனுப்பினார்கள். அதில் அவருடைய விருப்பம் எவ்வளவு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் அந்தக் கம்பெனியின் சரக்கைத் தவிர வேறொன்றை அவர் வீட்டுக்குள் விட்டதில்லை. விலை குறைவு என்று அம்மா ஒருமுறை வேறு வாங்கிவந்தாள். அவர் சண்டை போடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கடையில் மாற்றிக்கொண்டு வந்தார். “உங்களத் தொரத்தினவன் சரக்குதானே அது?” என்றாள் அம்மா. “தொரத்துனது ஆபீஸு. சரக்கு நாங்க பண்ணது” என்றார்.

செஞ்சோற்றுக்கடன் என்று இதை என் நண்பர் ஒருவர் வர்ணித்தார். கர்ணன் ஞாபகம் நமக்குச் சீக்கிரம் வந்துவிடும். நான் ஒப்பவில்லை. கர்ணனுக்கு அவன் உண்ட சோற்றைப் போட்டவன் யார் என்று தெரியும். கடன் ஒரு முகத்துக்குச் சேர வேண்டியது. என் தகப்பனாரின் வாக்கியம் கடனை மறுக்கிறது. ஆபீஸையும் சரக்கையும் அவர் பிரித்துவிட்டார். ஆனால் சரக்கின்மேல் எழுதியிருந்த பெயர் ஆபீஸின் பெயர். அவரும் அவருடைய சகாக்களும் செய்ததற்கு வேறு பெயர் கிடையாது. அவர் பிடித்துக்கொள்ள இருந்த ஒரே பிடி, அவரை வெளியே தள்ளியவர்களின் கையில் இருந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அவருக்கு வந்து நான் பார்த்ததில்லை.

முன்பு பெயர் ஊரின் பெயராக இருந்தது. திருப்பாச்சி அரிவாள், திண்டுக்கல் பூட்டு, பத்தமடைப் பாய், வடக்கே ராம்பூர்க் கத்தி. அரிவாள் வாய் மழுங்கினால் பட்டறைக்கே கொண்டுபோகலாம். அடித்தவன் எதிரில் நிற்பான், திட்டலாம், அவனும் திருப்பித் திட்டுவான். கொல்லனிடம் கொண்ட விசுவாசத்துக்கு ஒரு எல்லையும் இருந்தது, அவன் ஏமாற்றினால் தெரிந்துவிடும். பழமையைக் கொண்டாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பட்டறைக்குள் எந்தச் சாதிக்காரன் எவ்வளவு தூரம் வரலாம் என்பதற்கும் எல்லை இருந்தது. கம்பெனிப் பெயர் அந்த எல்லையை அழித்தது, காசு கொடுத்தவனுக்கெல்லாம் ஒரே வண்டி. முகத்தையும் சேர்த்து அழித்தது. சரக்கின் பளபளப்பில் உழைப்பின் உறவுகள் மறைந்துபோகின்றன என்று மார்க்ஸ் 1867லேயே சொல்லிவிட்டார், இதில் புதிதாக என்ன என்று நம் வட்டத்தில் சிலர் கேட்பார்கள். புதிதாக ஒன்று உண்டு. மார்க்ஸின் மயக்கம் சரக்கை அறியாதவனுக்கு உண்டாவது. இங்கே சரக்கை நட்டு போல்ட் வரைக்கும் அறிந்தவனுக்கும் அது உண்டாகிறது. புல்லட் டாங்க்கின்மேல் ஓடும் பொன்னிறக் கோடு இயந்திரம் போட்டது இல்லை. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தது, குடும்பத் தொழிலாக வந்தது. அந்தக் கோட்டை ஒரு விரலால் தடவி ரசிக்காத புல்லட்காரன் இல்லை. கோட்டின் கீழே கையெழுத்து இல்லை.

கணக்கியலில் நற்பெயர் என்று ஒரு இனம் உண்டு. ஒரு கம்பெனியை இன்னொருவர் வாங்கும்போது, இயந்திரம், நிலம், இருப்பு எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டிக் கடனைக் கழித்தபின், அதற்கு மேலே கொடுத்த தொகையை நற்பெயர் என்று எழுதிவைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சொத்து. அது எங்கிருந்து வந்தது? பிசகில்லாமல் செய்த கைகளிடமிருந்து. கணுக்காலைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்டு ஊரெல்லாம் அதைப் பேசித் திரிந்தவர்களிடமிருந்து. இரண்டு தரப்பும் போட்ட முதல். ஏட்டில் அது உரிமையாளருக்குச் சேரும். 1994ல் என்ஃபீல்டு ஐஷர் குழுமத்தின் கைக்கு முழுமையாகப் போனது. 1996ல் மைசூர்த் தொழிற்சாலை மூடியபிறகு செத்துக்கிடந்த ஜாவா என்ற பெயரை 2018ல் வேறொருவர் எடுத்து வேறு எஞ்சினுக்குச் சூட்டினார். சட்டப்படி இதில் குற்றமில்லை. வாங்கியவர் நன்றாகவும் நடத்தலாம். புல்லட் விஷயத்தில் நன்றாகவே நடத்தினார்கள், 2010ல் வருஷத்துக்கு 50,000 அளவில் இருந்த விற்பனை 2018ல் 8 லட்சத்தைத் தாண்டியது. என் கேள்வி நிர்வாகத்தைப்பற்றியது இல்லை. இரண்டு தரப்பார் போட்ட விசுவாசத்தை மூன்றாமவர் எடுத்து விற்க முடிகிறது என்பதே அந்த விசுவாசத்தில் உள்ள ஓட்டை. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு தரப்பும் தங்களுக்கு நடுவில் அவருடைய பெயரை வைத்துக்கொண்டிருப்பதால் அது முடிகிறது.

திருவொற்றியூருக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை. பெரியபுராணக் கதைப்படி சுந்தரர் சங்கிலியாரை மணக்க, உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஏற்கெனவே திருவாரூரில் பரவை இருக்கிறாள், போகாமல் முடியாது. ஆகவே சிவனிடம், நான் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீர் கொஞ்சம் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று ஏற்பாடு செய்துகொண்டார். சிவனும் சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியின் கனவில் போய், மகிழமரத்தடியில் சத்தியம் வாங்கு என்று சொல்லிவிட்டார். சத்தியம் பலித்தது. திருவாரூர் வசந்தத்தை நினைத்து ஊர் எல்லையைத் தாண்டியபோது சுந்தரருக்குக் கண் போயிற்று. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது தண்டனை இல்லை. சத்தியம் செய்பவனும் வாங்குபவளும் சாட்சியும் ஒரே மரத்தடியில் இருந்தார்கள் என்பதுதான். பெயருக்கு விசுவாசி செய்யும் சத்தியத்தை வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது. சன்னிதியும் காலி, மரத்தடியும் காலி. அவன் விட்டுப்போனால் யாருக்கும் கண் போகாது. அவன் விட்டுப்போகாததையும் ஒருவரும் அறியப்போவதில்லை. விற்பனைப் புள்ளிவிவரம் அறிவதை அறிவு என்று சொல்ல மாட்டேன்.

அப்படியானால் இது வெறும் ஏமாளித்தனமா? ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970ல் ஒரு யோசனை சொன்னார். ஒரு ஸ்தாபனம் கெட்டுப்போகும்போது வெளியேறலாம், அல்லது குரல் கொடுக்கலாம். விசுவாசம் இருப்பவன் வெளியேறத் தயங்குவதால்தான் குரல் கொடுக்கிறான். விசுவாசிகளே இல்லாவிட்டால் கெடுவது தெரியாமலே எல்லாம் கெட்டுவிடும். இதை ஏற்கிறேன். ஆனால் குரல் எந்தப் பக்கம் பார்த்துக் கொடுக்கப்படுகிறது? கியர் இடது காலுக்கு மாறியபோது, பட்டன் ஸ்டார்ட் வந்தபோது, வார்ப்பிரும்பு போய் அலுமினியம் வந்தபோது, இது புல்லட்டே இல்லை என்று ஒரு கூட்டம் கூக்குரலிட்டது. அவர்கள் கைக்கு விசுவாசமானவர்கள். பெயருக்கு விசுவாசமானவர்கள் புதுசை வாங்கி, சத்தம் அப்படியே இருக்கிறது என்று தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். 2013ல் ஒரகடத்திலும் பிறகு வல்லம் வடகாலிலும் பெரிய தொழிற்சாலைகள் எழுந்து, உற்பத்தியின் கனம் திருவொற்றியூரை விட்டு நகர்ந்தபோது இரண்டு கூட்டத்திலும் குரல் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சின் எங்கே மாறியது என்று தேதிவாரியாகச் சொல்லக்கூடியவர்கள், செய்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டதாகத் தெரியவில்லை. ரசனை இவ்வளவு நுட்பமாகவும் இவ்வளவு குறுகலாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியும்.

நம்மைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கவிஞனின் முதல் இரண்டு தொகுப்புகளைப் படிக்கப் பழகிய கண், ஐந்தாவது தொகுப்பையும் அதே இடத்தில் முள் நடுவுக்கு வரும் என்று எதிர்பார்த்து மிதிக்கிறது. அவன் மாறியிருந்தால் திருப்பி அடிக்கிறது. துரோகம் என்று எழுதுகிறோம். மாறாமல் இருந்தால், தேங்கிவிட்டான் என்று எழுதுகிறோம், ஆனால் தொகுப்பை வாங்கிவிடுகிறோம். 300 பிரதி அச்சடிக்கும் பத்திரிகைகளுக்கும் நற்பெயர் இனம் உண்டு. நான் சொல்ல வருவது வாசகனின் விசுவாசம் தப்பு என்பதில்லை. தன் கண்ணின் பழக்கத்தை எழுத்தின் குணம் என்று நினைத்துக்கொள்வது விமர்சனத்தில் வசதியான காரியம், அவ்வளவே.

வார்ப்பிரும்பு எஞ்சின் நின்றபிறகு சில பாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. காசாளர் புதுப்பேட்டையில் அலைவார், கிடைக்காதவற்றைக் கடைசல் பட்டறையில் செய்துகொள்வார். போன மாதம் அவரோடு திருவொற்றியூரில் அப்படி ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், சுவரில் போன வருஷ ஆயுத பூஜைப் பொட்டு. பட்டறைக்காரருக்கு 60 வயது இருக்கும். காசாளர் கொண்டுபோன தேய்ந்த புஷ்ஷை வாங்கி, வெர்னியரில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் வெர்னியரைக் கீழே வைத்துவிட்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் புதுசு ஒன்று கையில் இருந்தது, தொட்டால் சுட்டது. காசாளர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழக்கதோஷம், “கம்பெனி அயிட்டம் மாதிரி நிக்குமா அண்ணே?” என்றார்.

“மாட்டிப் பாரு நைனா. தேஞ்சிச்சின்னா எட்தாந்து என் மூஞ்சில வுட்டெறி. இங்கதான் கீறேன்.”